நுகம் படாத கழுத்து

என் அண்ணனின் கழுத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்கப்புறம். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும், எவளுக்கும் அப்படி ஒரு கழுத்து கிடையாது. எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலேயே கழுத்து மரத்துப்போகும். விறகு, தண்ணீர்க் குடம், சாமைக் கட்டு, புளி மூட்டை எல்லாம் தலையில்தான் வரும். பிடரியில் சதை கெட்டியாகிக் கயிறு மாதிரி திரண்டு நிற்கும். அவனுக்கு மட்டும் வாழைத்தண்டு போல வழுவழுவென்று இருக்கும். அப்பா அதை அடிக்கடி தடவிப் பார்ப்பார். வீட்டுக்கு ஆள் வந்தால் அவர்களையும் தடவிப் பார்க்கச் சொல்வார்.

"பாருங்க, ஒரு காய்ப்பு கீதா? சொல்லுங்க."

அவன் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டு சிரிப்பான். இப்போது நினைத்தாலும் அந்தக் குனிந்த தலையும் சிரிப்பும்தான் எனக்கு முதலில் தெரிகிறது. பற்றிக்கொண்டு வருகிறது.

அவன் கழுத்து அப்படி இருந்ததற்குக் காரணம் ஒரு காளை. எங்கள் பக்கம் பொங்கல் முடிந்ததும் அடிவார ஊர்களில் எருது விடும் விழா நடக்கும். மாட்டை அடக்குவதெல்லாம் இங்கே கிடையாது. தெருவில் இரண்டு பக்கமும் கட்டை கட்டி, நடுவில் சந்து விட்டுக் கூட்டம் நிற்கும். ஒவ்வொரு காளையாக அவிழ்த்து விடுவார்கள். ஒன்று ஓடி முடித்த பிறகுதான் அடுத்தது. எது குறைந்த நேரத்தில் எல்லையைத் தாண்டியதோ அதற்குப் பரிசு. அப்படி ஓடுகிற காளையை யாரும் ஏரில் பூட்ட மாட்டார்கள், வண்டியில் பூட்ட மாட்டார்கள். பூட்டினால் ஓட்டம் செத்துவிடும் என்று நம்பிக்கை. வாங்க வருகிறவன் முதலில் பிடரியைத்தான் தடவுவான். நுகம் உரசிய காய்ப்பு விரலில் தட்டுப்பட்டால் பேசாமல் எழுந்து போய்விடுவான்.

அப்பாவிடம் அப்படி ஒரு காளை இருந்தது. எங்களுக்குச் சாமைக் கஞ்சி. அதற்குப் பருத்திக்கொட்டை, முட்டை, பேரீச்சம்பழம். ஒரு வருஷம் அது சந்தில் சறுக்கி விழுந்து முன்னங்கால் முறிந்தது. அப்பா சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார். அந்தக் கோடையில்தான், காவலூரிலிருந்து ஆலங்காயம் இறங்கும் ரோட்டில் என் அண்ணன் சித்தப்பாவின் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தார். அவனுக்கு அப்போது பத்து வயது. சித்தப்பா குடித்துவிட்டுப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். இவன் சீட் நுனியில் உட்கார்ந்து, ஒரு வளைவிலும் தடுமாறாமல் இறக்கிக்கொண்டு வந்து நிறுத்தினான். வேறு அப்பனாக இருந்தால் தம்பிக்கும் பிள்ளைக்கும் சேர்த்து உதை விழுந்திருக்கும். எங்கள் அப்பா பக்கத்தில் போய் அவன் பிடரியைத் தடவிப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து முட்டை அவனுக்கு வந்தது.

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். எதையும் கேட்டு வாங்க மாட்டான். அதட்ட மாட்டான். யாராவது அவனுக்காக வேலை செய்தால் முகம் வாடிப் பார்த்துக்கொண்டே இருப்பான். அப்புறம் ஒன்று சொல்வான்.

"பாவம்டி நீ."

இதுதான் அவனுடைய பேச்சு. அம்மா கிணற்றடியில் அவன் பந்தய பனியனைத் துவைத்தால், "பாவம்மா நீ." நான் தலையில் மூட்டையோடு மேடு ஏறினால், "பாவம்டி நீ." மனசாரத்தான் சொல்வான். சில சமயம் கண் கலங்கிக்கூட இருக்கும். ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டான். முட்டையில் பாதியை இலையில் மறைத்து எனக்கு வைத்திருப்பான். நானும் தின்பேன். அந்தப் பாதி முட்டையால்தான் ரொம்ப நாள் அவனை வைய எனக்கு வாய் வரவில்லை.

புளி உலுக்கும் மாசி மாதத்தில் வீட்டில் எல்லோருக்கும் இடுப்பு ஒடியும். எங்களுக்கு நல்ல காய்ப்புள்ள மரங்கள். அப்பா ஏறிக் கிளையை உலுக்குவார். அம்மாவும் நானும் பொறுக்குவோம். அவன் பக்கத்துப் பாறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். இரண்டு கையும் காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்தமாதிரி இருக்கும். வாய் மெல்ல முணுமுணுக்கும்.

"மொட்டப்பாற வளைவு... இப்பத்தான் வுடணும்... கரடிக்குட்ட... புடி, புடி... பாலம்."

மலை ரோட்டின் வளைவு மொத்தமும் அவன் உள்ளங்கையில் இருந்தது. ஒரு நாள் மூட்டையோடு வேரில் தடுக்கி அவன் காலடியிலேயே விழுந்தேன். முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தான்.

"பாவம்டி நீ," என்றான். குனிந்து மூட்டையில் கையை வைத்தான்.

மரத்தின் மேலிருந்து அப்பாவின் சத்தம் வந்தது. "டேய்! அத்த தொடாத! கழுத்து போய்டும்!"

கையை எடுத்துவிட்டான். நான் எழுந்து, மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துவிட ஆள் இல்லாமல், அதை முட்டியால் உந்தி உந்தி ஏற்றினேன். அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். மொட்டைப்பாறையிலிருந்து ஆரம்பித்தான்.

இந்த வீட்டில் ஜீப் இல்லாமல் தலைச்சுமை தூக்கினோம் என்று நினைக்காதீர்கள். அவனுக்காக அப்பா பழைய ஜீப் ஒன்றை வாங்கித் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். அதில் மூட்டை ஏற்றக் கூடாது. அதுவும் பந்தய வண்டி, பூட்டக் கூடாது. மூடிக் கிடந்த ஜீப்பைத் தாண்டி நடந்துதான் நாங்கள் புளியை ரோட்டுக்குச் சுமந்து போனோம். ஊரில் சிரித்தார்கள். "இன்னாங்கடா, ஜீப்பு செனையா கீதா?" என்று கேட்டார்கள். அப்பா காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தார்ப்பாய் விலகும். அப்பாவின் ஆட்கள் மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று வருகிற வண்டியை நிறுத்தி வைப்பார்கள். அண்ணன் தனியாக இறங்குவான். கீழே அப்பா கடிகாரத்தோடு நிற்பார். அப்படியே எருது விடும் விழாதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

பொய் சொல்ல மாட்டேன். அதை வண்டி ஓட்டுவது என்றே சொல்ல முடியாது. ரோடு அவனுக்கு எதிரில் வரவில்லை, அவனிலிருந்து உருவி உருவிப் பின்னால் போனது. பிரேக்கை மிதிக்கிறானா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. வளைவு வருவதற்கு முன்னாலேயே வண்டி வளைவுக்குள் இருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் டயர் கல்லை உதைத்துத் தள்ளியது, அந்தக் கல் உருளும் சத்தம் கேட்பதற்குள் நாங்கள் அடுத்த வளைவில் இருந்தோம். நான் அலறவில்லை. பயமே வரவில்லை. கீழே வந்து நின்றபோது எனக்கு அழுகை வந்தது. அவன் கையில் வியர்வைகூட இல்லை. இவனுக்காக மூட்டை தூக்கலாம் என்று அன்று நினைத்தேன். அப்படி நினைக்க வைத்ததற்காகவும் சேர்த்துத்தான் இப்போது கோபம்.

வாணியம்பாடியில் டயர் கடை வைத்திருந்த பாய் ஒருவர் எருது விடும் விழா ஒன்றையும் விடாமல் வருகிறவர். அப்பாவின் காளையை அவருக்குத் தெரியும். அவர்தான் அண்ணனைப் பெங்களூர் ரோட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், கோ-கார்ட் என்று தரையை ஒட்டி ஓடும் சின்ன வண்டியில் முதலில் உட்கார வைத்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கையுறையும் தலைக்கவசமுமாக ஓட்டுகிற இடம். இவன் வெறுங்காலோடு ஓட்டினான். அவர்கள் எல்லோரையும்விடக் குறைந்த நேரத்தில் சுற்றி வந்தான். பாய் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்.

"அண்ணே, புள்ள கையில அல்லா இன்னாவோ வச்சிருக்கான். ஒரு டீம்ல பேசியிருக்கேன். ஆனா இது செலவு புடிக்கும். யோசிச்சி சொல்லுங்க."

அப்பா யோசிக்கவில்லை. புளிய மரங்களைச் சில வருஷங்களுக்குச் சேர்த்து ஆலங்காயத்து வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டார். மரம் நம்முடையதுதான், காய் அவருடையது. எங்கள் பக்கம் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டால் முடிந்தது, அப்புறம் பேச்சு மாறக் கூடாது. நான் பத்தாவது முடித்திருந்தேன். மேலே படிக்க வைக்க முடியாது என்றார்கள். அண்ணன் என் புத்தகப் பையைப் பார்த்து என்ன சொல்லியிருப்பான் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அவனுடைய முதல் பெரிய பந்தயத்துக்குப் பாயின் வேனில் எல்லோரும் போனோம். சென்னைக்கு வெளியே பந்தய மைதானம். கூரை இல்லாத, ஒரு ஆள் மட்டும் படுத்த மாதிரி உட்காருகிற கார். காலையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஓடவிட்டு நேரம் குறித்தார்கள். அண்ணன் எல்லோரையும் முந்திவிட்டான். ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொன்னார்கள். அப்பா துண்டைச் சுழற்றிக் கத்தினார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

"எங்கண்ணே போறீங்க?" என்றார் பாய்.

"பரிசு வாங்க. முடிஞ்சி போச்சே!"

"அரே, ரேஸே இன்னும் ஆரம்பிக்கலயே! இது யாரு முன்னால நிக்கறதுன்னு பாக்கறது. மத்தியானம்தான் எல்லாரும் ஒண்ணா ஓடுவாங்க."

"ஒண்ணாவா?" அப்பா நின்றுவிட்டார். "ஒண்ணா வுட்டா முட்டிக்காதா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வாழ்க்கை முழுக்க ஒரு காளை ஓடி, அப்புறம் இன்னொரு காளை ஓடுவதைப் பார்த்தவர். பிள்ளையையும் அதற்குத்தான் வளர்த்திருந்தார். ஒரு இறக்கம், ஒரே மூச்சு, முடிந்தது.

மத்தியானம் வெயிலில் தார் இளகியது. எல்லாக் காரும் ஒன்றாகக் கிளம்பின. முதல் சில சுற்று அண்ணன்தான் முன்னால். அப்புறம் ஏதோ மாறியது. வலது பக்கம் திரும்பும் வளைவுகளில் அவன் தலைக்கவசம் இடது பக்கம் சாய ஆரம்பித்தது. முதலில் கொஞ்சமாக. பிறகு காரின் விளிம்பில் போய் முட்டிக்கொண்டது. நேர் ரோடு வந்தால் நிமிரும். வளைவு வந்தால் மறுபடி சாயும். தூக்கத்தில் பஸ் ஜன்னலில் சாய்கிறவன் மாதிரி. ஒருவன் முந்தினான். இன்னொருவன். அப்புறம் நான் எண்ணவில்லை. கடைசியில் வந்து நின்றபோது அவனால் இறங்க முடியவில்லை. டீமின் பயிற்சியாளர் இரண்டு கையாலும் அவன் தலையைக் குழந்தையின் தலையைத் தாங்குவதுபோலத் தாங்கிக்கொண்டு கவசத்தைக் கழற்றினார்.

"கழுத்து நிக்கலங்க," என்று எங்களிடம் சொன்னார். "இந்தக் கார் வளைவுல தலைய வெளிய புடிச்சி இழுக்கும். அத்தினி சுத்தும் தாங்கணும். ஊர்ல இவரு ஏதாச்சும் சுமை தூக்குவாரா?"

அப்பா பெருமையோடு சொன்னார். "ஒரு குடம்கூடத் தூக்க வுட்டதில்ல."

பயிற்சியாளர் அப்பாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், என் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அண்ணன் பக்கம் திரும்பினார். கவசத்தில் எடை கட்டித் தலையைத் தூக்கி இறக்கிப் பழகச் சொன்னார். ஒரு வருஷம் ஒழுங்காகச் செய்தால் போதும், இவனை அடிக்க ஆள் இல்லை என்றார்.

நான் தையல் பழகிக்கொண்டிருந்தேன். தார்ப்பாய்த் துணியில் பை தைத்து, மணலை நிரப்பி, தலையில் மாட்ட வார் வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் செய்தான்.

"வலிக்குதுடி."

"வலிக்கத்தான் செய்யும். எனக்கு வலிக்காமயா இருந்துது? செய்ண்ணா."

மூன்றாம் நாள் அப்பா பார்த்துவிட்டார். பையைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசினார். "எம்புள்ளயப் பொதி மாடா ஆக்கப் பாக்கறியா?" என்று என்னை அடிக்க வந்தார்.

அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அப்போது அவனுக்கு மீசை வந்துவிட்டது. அப்பாவைவிட ஒரு சாண் உயரம். "யப்பா, சும்மா இரு, எனக்கு அது வேணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பள்ளத்தில் இறங்கி எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். பெரிய பள்ளம்கூட இல்லை, ஆடு இறங்கி ஏறும். அவன் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"பாவம்டி நீ. ராத்திரியெல்லாம் குந்தித் தைச்ச."

எல்லோரும் அப்பாவைத்தான் குறை சொல்வார்கள். அப்பா அறியாதவர், தெரிந்த ஒரே வழியில் வளர்த்தார். காளைக்குத்தான் வாய் கிடையாது. இவனுக்கு இருந்ததே. நான் இவனைத்தான் சொல்வேன்.

அடுத்த வருஷமும் டீமில் இருந்தான். காலையில் தனியாக ஓடும்போது முதல் ஆள். மத்தியானம் எல்லோரும் ஓடும்போது கடைசி ஆள். செய்தித்தாளில் ஒரு தடவை போட்டோ வந்தது. அப்புறம் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். போனில் "நல்லா கீறேன், பிராக்டிஸ் நடக்குது" என்பான். குத்தகை வருஷங்கள் முடிந்தன. மரம் எங்கள் கைக்குத் திரும்பி வந்தது. பூ நிறையப் பிடித்திருந்தது. அந்த வருஷப் புளியை விற்று ஆலங்காயத்தில் ஒரு தையல் கடை போடலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இடம்கூடப் பார்த்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஷட்டர். அம்மா சரி என்றாள். அப்பா மட்டும், "அவனுக்கு இந்த வருசம் செலவு கீதா இன்னான்னு கேட்டுக்கலாம்" என்றார். வியாபாரியும் மறுபடி வீட்டுப் பக்கம் வர ஆரம்பித்தார்.

எனக்குச் சந்தேகம். பாயைக் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் மழுப்பினார். கடைசியில், "கண்ணு, டீம்ல இருந்து எடுத்து ஒரு வருசத்துக்கு மேல ஆவுதும்மா. அவன் சொல்ல வாணாம்னான்," என்று சொல்லிவிட்டு, அவன் இருக்கும் இடத்தையும் சொன்னார்.

பெங்களூரில் ஒரு பெரிய கடை வளாகத்தின் மேல்மாடி. உள்ளேயே டயர் அடுக்கி ரோடு மாதிரி வளைத்து, காசு கொடுத்தால் கோ-கார்ட் ஓட்டலாம். அவன் மஞ்சள் சட்டை போட்டிருந்தான். ஒரு தடித்த பையன் டயரில் போய்ச் சொருகிக்கொண்டு ஹாரன் மாதிரி கத்திக்கொண்டிருந்தான். என் அண்ணன் ஓடிப்போய்க் குனிந்து அந்த வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, திருப்பி, தள்ளிவிட்டான். "ஸ்லோவா போங்க சார்," என்றான் அந்தப் பொடியனைப் பார்த்து.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. நிஜமாகவே சந்தோஷப்பட்டான். அதுதான் அவனிடம் பிரச்சினை.

"எப்டி வந்த? சாப்ட்டியா?"

"ஊட்டுக்கு வா. அப்பாவாண்ட நீயே சொல்லு."

"இன்னான்னு?"

"முடிஞ்சி போச்சின்னு. அவரு மறுபடியும் மரத்தக் குத்தகைக்கு வுடப் போறாரு. நீ வந்து ஒரு வார்த்த சொன்னா வுட மாட்டாரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. எனக்கு அந்தப் புளி வேணும்ண்ணா. கடை போடணும்."

தரையைப் பார்த்தான். கை விரலில் ரப்பர் கறுப்பு ஏறியிருந்தது. உள்ளங்கையில் முதல் முறையாகக் காய்ப்பு இருந்தது.

"நீயே சொல்லிடேன்."

"நான் ஏன் சொல்லணும்?"

"அவரு மொகத்தப் பாத்து எப்டி சொல்றது? எனக்குத் தெம்பு இல்லடி." என்னை நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கியது. வாயைத் திறந்தான்.

"இன்னொரு தபா பாவம்னு சொன்ன, செருப்பு பிஞ்சிடும்," என்றேன்.

உள்ளே விசில் ஊதினார்கள். இன்னொரு வண்டி டயரில் மாட்டிக்கொண்டிருந்தது. அவன் ஓடினான்.

நான் வீட்டுக்கு வந்தபோது வியாபாரி முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டில் வெற்றிலை பாக்கு. நேரே போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீமில் இல்லை, பந்தயம் இல்லை, ஒரு வருஷமாகக் கண்டவன் பிள்ளைகள் ஓட்டுகிற வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கிறான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வியாபாரி தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். அப்புறம் கேட்டார்.

"தள்றானா? கையாலயா?"

"ஆமா."

"குனிஞ்சா?"

"ஆமாம்ப்பா!"

போனை எடுத்தார். அவருக்கு ஸ்பீக்கர் போட்டால்தான் காது கேட்கும். மணி அடித்தது. அண்ணன் எடுத்தான். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. அழுவார், இல்லை வைவார் என்று நின்றேன்.

"டேய், நீ தள்ளாத," என்றார் அப்பா. "கழுத்து போய்டும். யாரையாச்சும் வச்சித் தள்ளச் சொல்லு. நீ குந்து. இந்த வருசம் செலவுக்கு நான் பாத்துக்கறேன். இன்னா?"

நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன். சொல்லுடா, சொல்லுடா என்று மனசுக்குள் கத்தினேன். இப்போதாவது வேண்டாம் என்று சொல்லு.

"சரிப்பா," என்றான்.

அப்பா தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டார்.

மாசியில் வியாபாரியின் ஆட்கள் வந்து எங்கள் மரத்தில் ஏறினார்கள். கீழே பொறுக்க ஊரில் ஆள் தேடினார்கள். அம்மாவும் நானும் கூலிக்குப் போனோம்.